நாலாம் மாடி அக்காவும் நீலக் காரும்

மலேசியாவில், செனாவாங்கில் நாங்கள் குடியிருந்த பிளாட்டில் நாலாம் மாடி அக்காவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்கள் முதலில் குழம்பைத் தாங்களே ஒரு வாய் ருசி பார்த்துவிட வேண்டும். உப்புக் குறைந்திருந்தால் அவர் உப்புக் கேட்க மாட்டார். "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டு அதே குழம்பை இரண்டாம் முறையும் ஊற்றச் சொல்லிச் சாப்பிடுவார். குறை சொல்கிறாரா, பாராட்டுகிறாரா என்று புரியாமல் கரண்டியோடு நிற்பது நம் பாடு.

எங்கள் வீடு மூன்றாம் மாடி, அவருக்கு நேர் கீழே. குடிவந்த மறுநாளே ஒரு தட்டில் உளுந்து வடையோடு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, ஃபேக்டரி டீ சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஃபேன் ஆடுது. ஸ்குரு லூசு. பாத்தாச்சு, சொல்லிட்டேன்" என்றார். பிறகு வடைத் தட்டை என் கையில் கொடுத்து, "இதுல ரெண்டு கருகிருச்சு. அடியில வச்சிருக்கேன்" என்றார்.

தன் வடையையும் விட்டுவைக்காத ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை. அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "கேக்காம போட்டுட்ட" என்று முதல் வேலையாக அதைச் சொல்வார்.

'பாத்தாச்சு, சொல்லிட்டேன்.' இதுதான் அவர் வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம். ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதைச் சொல்லாமல் அவரால் வீட்டுக்குப் போக முடியாது. அவர் பார்த்த வேலையும் அதற்கேற்ற வேலைதான். ஒரு ரப்பர் சாமான் ஃபேக்டரியில், பெல்ட்டில் வரும் சின்ன வளையங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிசிறோ குமிழோ இருந்தால் எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அவர் பிறந்தது கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால்மரம் வெட்டினார், மகள் அந்த ரப்பர் கடைசியில் என்னவாகிறது என்று பார்க்கிறார் என்று நான் ஒருமுறை கொஞ்சம் அலங்காரமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எங்க ரப்பர் மரத்துல வர்றது இல்லலா. அது கெமிக்கல்" என்று என் அலங்காரத்தையும் சிவப்புத் தொட்டியில் போட்டார்.

எப்போதும் அவர் சொல்வது சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பிளாட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஒரு திருவிழா அன்னதானத்தில், இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, அக்கா எழுந்து நின்று "இந்தச் சாம்பாரு கெட்டுப்போச்சு, யாரும் தொடாதீங்க" என்றார். எனக்கு அதற்குள் இரண்டு கரண்டி உள்ளே போய்விட்டது. சமைத்தவர் பெருங்காய டப்பாவைத் தூக்கிக் காட்டி, வாசம் அதனால்தான் என்று சத்தியம் செய்தார். பாதிப் பேர் கைகழுவி எழுந்துவிட்டார்கள். மீதிப் பேர் சாப்பிட்டோம். ஒருவருக்கும் வயிறு நோகவில்லை. மறுநாள் அக்கா சமைத்தவர் வீட்டுக்கே போய், "நான் சொன்னது தப்பு. சாம்பாரு நல்ல சாம்பாருதான்" என்று வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டு வந்தாராம். தன் தவறைப் பார்த்துவிட்டால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்படிப்பட்டவரை மேல்வீட்டில் வைத்துப் பழகலாம். கூடப் பிறந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது. அந்தக் கூடப் பிறந்தவரும் எங்கள் பிளாட்டில்தான் இருந்தார். தரைத்தள வீடு அவருடைய அண்ணன் வீடு. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். தங்கை படியிறங்கி வரும் சத்தம் கேட்டால் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வார். நான் குடிவந்தபோதே அவர்களுக்குள் பேச்சு நின்றிருந்தது.

கதையை எனக்குச் சொன்னவன் அண்ணன் மகன். அவனுக்கு ஒரு பெண் பார்த்து, நிச்சயத்துக்கு நாள் குறித்து, பெண் வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தட்டு மாற்றப்போகும் நேரம். பையன் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று பேசிவைத்திருந்தது. அக்கா எழுந்தார். "நல்ல பையன்தான். ஆனா இப்ப அவனுக்கு வேலை இல்ல. நின்னுட்டான். இன்னைக்குக் காலையிலதான் எனக்குத் தெரிஞ்சுச்சு. பாத்தாச்சு, சொல்லிட்டேன்." பெண் வீட்டார் காப்பி குடித்த கப்பைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"அத்தை மேல கோவமா?" என்று நான் கேட்டேன்.

"அவங்க சொன்னது நெஜந்தானேக்கா" என்றான் அவன். "ஆனா அன்னைக்கு, அத்தன பேரு முன்னாடியேவா சொல்லணும்?"

ஆனாலும் அவன் மாதத்துக்கு ஒருமுறை அத்தையின் அரிசி மூட்டையை நாலாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பிளாட்டில் லிஃப்ட் கிடையாது.

பிறகுதான் கார் வந்தது. ஃபேக்டரி அவருடைய பகுதியை நீலாய் பக்கம் ஒரு புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டது. காலையில் ஏழு மணிக்கு ஷிப்ட். கம்பெனி வேன் இனி வராது என்றுவிட்டார்கள். அந்த நேரத்துக்குத் தோதான பஸ்ஸும் இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்றால் அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன, சிக்னலில் கால் ஊன்ற முடியாது. கார் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் தனி ஆளாக அவர் என்ன செய்வார்? கடனுக்குக் கார் எடுக்கப் போகிறார் என்று தெரிந்தபோது ஏதாவது பழைய சின்னக் கார் வரும் என்றுதான் நினைத்தோம். வந்தது நீல நிறத்தில் ஒரு புதுக் கரண்ட் கார்.

பிளாட்டே கீழே இறங்கி வந்து பார்த்தது. பெட்ரோல் ஊற்றும் இடத்தைத் தேடி ஒருவர் காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். வாசலில் காவலிருக்கும் ஜாகா, "அக்கா, இதுக்கு இங்க எங்க சார்ஜ் போடுவீங்க?" என்று கேட்டார்.

"அதான் எனக்கும் தெரியல" என்றார் அக்கா.

"மாட்ட வாங்கிட்டு அப்புறமா கட்டுத்தறியத் தேடுறாங்க" என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், ஏன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்று மாலை நேரே மேலே போய்க் கேட்டேன்.

"ஏன்க்கா, எல்லாரும் வாங்குற மாதிரி ஒரு காரு வாங்கியிருக்கலாம்ல?"

"நாங்க பாக்குற ரப்பர் இருக்குல்ல, அது கரண்ட் காருல சார்ஜ் குத்துற எடத்துல உக்காருமாம். சூப்பர்வைசர் சொன்னாரு. இத்தன வருஷமா பாத்துப் பாத்து ஒதுக்குறேன், அது எங்க போயி உக்காருதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல."

"அதுக்காகவா கார் வாங்குவாங்க?"

"காரு எப்படியும் வாங்கத்தான வேணும்?"

இந்த மனுஷிக்கு என்னைவிட வேடிக்கை பார்க்கும் புத்தி அதிகம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் மனிதர்களைப் பார்க்கிறேன், அவர் வளையத்தைப் பார்க்கிறார்.

சார்ஜுக்கு அவரே ஒரு வழி கண்டார். தெரிந்த வயர்மேனைக் கூப்பிட்டு பால்கனியில் தனியாக ஒரு பிளக் வைத்தார். தடிமனான ஆரஞ்சு நிற வயர் ஒன்றை வாங்கி, நாலாம் மாடியிலிருந்து கீழே தன் பார்க்கிங் கட்டம் வரைக்கும் இறக்கினார். அதற்கு முன் என்னிடம் வந்தார். "ஒன் பால்கனி வழியா வயர் போவும். பிடிக்கலன்னா இப்பவே சொல்லு." பிடிக்காமல் என்ன? தினமும் வேலை விட்டு அவர் வரும் நேரத்துக்கு ஆரஞ்சு வயர் என் பால்கனியைத் தாண்டி மெதுவாக இறங்கும். துணிக்கொடியில் சிக்காமல் நான் விலக்கிவிடுவேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நான்கு மாடி இறங்கிப் போய்க் காரில் குத்திவிட்டு, மறுபடி நான்கு மாடி ஏறி வருவார்.

எங்கள் பிளாட் கமிட்டியின் தலைவர் ஒரு மலாய்க்காரர், தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். மலாயில் மாமா என்கிற மாதிரி, பாக்சிக் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் சாயங்காலம் நடக்கப் போகும்போது அந்த வயருக்குக் கீழேதான் போவார். தலையை நிமிர்த்தவே மாட்டார். ஒருநாள் அக்கா அவரை நிறுத்தி, மேலே இருந்து வயர் விட்டிருக்கிறேன் என்று விரலால் சுட்டிக் காட்டினார். பாக்சிக் தரையைப் பார்த்தபடியே, "சாயா தாக் நம்பாக், அக்கா" என்றார். என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்று அர்த்தம். இதைவிட மரியாதையாக ஒரு மனிதர் அனுமதி தர முடியாது. யாராக இருந்தாலும் தெரிமா காசே என்று நன்றி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

அக்காவுக்கு அது போதவில்லை. கமிட்டியின் வருடக் கூட்டம் நடந்தது. தண்ணீர்த் தொட்டி, குப்பை, நாய்த் தொல்லை எல்லாம் பேசி முடித்து, நாற்காலியை மடக்கப்போகும் நேரத்தில் அக்கா எழுந்தார்.

"நான் நாலாம் மாடியில இருந்து வயர் எறக்கி காருக்கு சார்ஜ் போடுறேன். போன வாரம் ஒரு சீன ஆன்ட்டி கொடை அதுல மாட்டிக்கிருச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல. ஆனா நான் பாத்தேன். இது சரியா தப்பா, கமிட்டி சொல்லணும்."

தமிழில் சொன்னதையே மலாயிலும் சொன்னார். பாக்சிக் தலையில் கைவைத்துக்கொண்டார். கேள்வியாக வைத்துவிட்ட பிறகு பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? மழையில் என்ன ஆகும், யாராவது தொட்டால் என்ன ஆகும், நாளைக்கு இன்னும் பத்துப் பேர் கரண்ட் கார் வாங்கினால் பிளாட் முழுக்க வயர் தொங்குமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் முடிவானது இதுதான். மேல்மாடியிலிருந்து வயர் இறக்கக் கூடாது. தரைத்தள வீட்டிலிருந்து, நடக்கும் வழியைத் தாண்டாமல் பார்க்கிங்குக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அக்காவின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அக்காவின் பார்க்கிங் கட்டம் அவருடைய சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. கைநீட்டினால் காரைத் தொடலாம்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்புறம் அக்காவின் பாடு திண்டாட்டம்தான். சிரம்பானில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் சார்ஜ் போடும் இடம் இருந்தது. வேலை முடிந்து களைத்து வந்து, அங்கே போய் வரிசையில் நின்று, வீடு வந்து சேரும்போது அரிசி போடவும் தெம்பிருக்காது. சில நாள் அங்கே இடம் கிடைக்காது. அப்படி ஒருநாள் சார்ஜ் பத்தாமல் வழியிலேயே நின்று, வேலைக்குப் பிந்திப் போனார். மறுபடி பிந்தினால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். சும்மா இல்லை, இந்தக் காருக்குக் கரண்ட் எப்படி ஏறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் எனக்கு. இரண்டு சார்ஜ் பெட்டிகளில் ஒன்று வேலை செய்யவில்லை. மற்றதில் ஒரு கார் நின்றது. காத்திருந்தோம். அக்கா தன் காரின் மூடியைத் திறந்து, கைப்பேசி விளக்கை அடித்து, "இங்க வந்து பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக, மோதிர அளவுக்கு ஒரு ரப்பர் வளையம்.

"ஒங்களதா இது?"

"எங்களதா வேற யாரோடதான்னு தெரியல. ஆனா இந்த ஜாதிதான்." விரல் நுனியால் அதை ஒருமுறை தடவினார். "மழை வந்தா தண்ணி உள்ள போவாம இதுதான் தடுக்குது. நான் பாட்டுக்கு இத்தன நாளா சும்மா ஒரு ரப்பருன்னு நெனச்சிருக்கேன், தங்கச்சி."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கிறோமே என்று தெரிந்தே கேட்டேன். "அண்ணன்கிட்ட கரண்ட் கேக்க மாட்டீங்களா?"

"கேட்டுட்டேன்லா. கூட்டம் முடிஞ்ச மறுநாளே ஜன்னல்கிட்ட போயி கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அண்ணி மூலமா சொன்னாரு. சொந்தக்காரங்க நாலு பேரு முன்னாடி, அன்னைக்கு நான் தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லணுமாம். சொன்னா அன்னைக்கே ஜன்னல் வழியா வயர் கொடுக்கறாராம்."

"சொல்லிட்டாத்தான் என்னக்கா? ஒரு வார்த்ததான."

"சாம்பாருக்குச் சொன்னேன்ல? ஏன்னா அது தப்பு. இது தப்பில்லயே." மூடியை மெதுவாகச் சாத்தினார். "காரத் திருப்பிக் கொடுத்திரலாம்னு இருக்கேன். வேலையையும் விட்டுர வேண்டியதுதான்."

ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் கரண்டும் காரும் வேலையும் அண்ணனும் எல்லாம் திரும்பக் கிடைக்கும். சொல்ல முடியாதவரைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பிடிவாதம் ஒருவருக்கு ஆகாது என்று அண்ணன் வீட்டு ஜன்னலில் நின்று அக்காவின் அண்ணியிடமே சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

அக்காவுக்கே ஒரு காலத்தில் மாப்பிள்ளை வந்திருக்கிறார். கோலா சாவா தோட்டத்து வீட்டில், நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு, எல்லா ஏற்பாட்டையும் செய்தது அண்ணன்தான். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. நாள் பார்க்கலாம் என்று பேசும்போது பெண்ணே வாய் திறந்திருக்கிறார். "சின்ன வயசுல எனக்கு வலிப்பு வந்திருக்கு. இப்ப இல்ல. ஆனா வந்திருக்கு." அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இடத்திலெல்லாம் முதல் கேள்வியே அதுவாகிவிட்டது.

"அப்ப இவரு ரெண்டு நாளு சாப்பிடல" என்றார் அண்ணி. "தன் கல்யாணத்தத்தான் கெடுத்துக்கிட்டா, சரி. எம்புள்ள கல்யாணத்தையுமான்னு இவருக்கு. மறக்க முடியுதா சொல்லு."

எனக்கு இருந்த கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டது. அண்ணன் மேல் வைக்கவும் முடியவில்லை, அக்கா மேல் வைக்கவும் முடியவில்லை. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

இதற்கிடையில் அண்ணன் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. செனாவாங்கிலேயே ஒரு சரக்குக் கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். மறுபடி பெண் பார்த்தார்கள். லுக்குட்டில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவரின் மகள். நிச்சயத்துக்குப் பிளாட்டுக்குக் கீழேயே கூடாரம் போட்டார்கள். எல்லா மாடிக்கும் அழைப்பு வந்தது, நாலாம் மாடியில் அக்கா வீட்டைத் தவிர. அந்தக் காரின் தவணையைக் கட்டுவதா, திருப்பிக் கொடுப்பதா என்று அந்த வாரம்தான் அக்கா முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பட்டறைக்காரர் பருத்த ஆள், மெதுவாகப் பேசினார். காப்பி வந்தது. தட்டுகள் வரிசையாக இருந்தன. அவர் காப்பியைத் தொடவில்லை. கூடாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையோட அத்தை எங்க?" என்று கேட்டார்.

அண்ணன், "முட்டி வலி. எறங்க முடியல" என்றார்.

"அப்படியா. அப்ப நாங்க மேல போயி பாத்துட்டு வர்றோம்."

"எதுக்கு செரமம்?"

"இல்லைங்க." பட்டறைக்காரர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "முன்ன ஒரு எடத்துல நடந்தது எங்க காதுக்கும் வந்துச்சு. இந்தக் காலத்துல யாரு எதச் சொல்றாங்கன்னு நம்ப முடியல. நீங்க பையனப் பத்தி நல்லாத்தான் சொல்லுவீங்க, அப்பா இல்லையா. அந்த அம்மா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், தட்ட மாத்திக்குவோம்."

அண்ணன் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, யாரையும் அனுப்பாமல் தானே படியேறினார். மேலே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. என் காது எவ்வளவு நீளமானாலும் நாலு மாடிக்கு எட்டாது.

அக்கா வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். அண்ணன் இரண்டு படி பின்னால் வந்தார்.

"முட்டி ரொம்ப வலிக்குதாம்மா?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

"வலி எப்பவும் உள்ளதுதான். அதுக்காக வராம இல்ல. கூப்பிடல" என்றார் அக்கா.

அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளைப் பையன் தரையைப் பார்த்தபடி நின்றான். அவன் கழுத்து வேர்த்திருந்ததை நான் பார்த்தேன். முன்பு ஒருமுறை இப்படி நின்றவன்தானே.

"பையன் எப்படிம்மா?"

அக்கா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவனை மேலும் கீழும் பார்த்தார், தினமும் பார்க்கும் பையனை.

"வேலைக்குப் போறான். நெஜமாத்தான் போறான். நானே கெடங்கு வாசல்ல நின்னு பாத்திருக்கேன், அவனுக்குத் தெரியாது. தண்ணி போடுறதில்ல. சிகரெட் உண்டு. இல்லைன்னு சொல்லியிருப்பான்." பெண் வீட்டுப் பக்கம் யாரோ சிரித்தார்கள். "கோவம் வந்தா பேச மாட்டான், சாப்பிட மாட்டான். எங்க அண்ணன் மாதிரி. ஆனா கொஞ்ச நாள்ல சரியாயிருவான். அதுல அண்ணன் மாதிரி இல்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"முன்ன ஒரு எடத்த நான் கெடுத்தேன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அன்னைக்கு இவனுக்கு வேலை இல்ல, அதச் சொன்னேன். அது தப்பில்ல. இன்னைக்கு வேலை இருக்கு. அதையும் சொல்லிட்டேன்."

சொல்ல வேண்டிய வாக்கியம் அதுவல்ல. அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அதற்கு நேர் எதிரானதைச் சொல்லிவிட்டார். போச்சு கரண்ட், போச்சு கார் என்று நான் நினைத்தேன். பட்டறைக்காரர் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, தட்டை இரண்டு கையாலும் தூக்கி அண்ணன் முன்னால் நீட்டினார்.

பந்தியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னால் அடக்க முடியவில்லை. "ஏன்க்கா, போன வாரம் அவன் வேலைய விட்டிருந்தா? அப்பவும் இன்னைக்குச் சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்."

"அந்தப் பையன் மொகத்தப் பாத்துமா?"

பிசைந்த சோற்றில் கை நின்றது. "அவன் மொகத்தப் பாத்துத்தான் மொத தடவையும் சொன்னேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராது தங்கச்சி, எனக்கு" என்றார். அப்புறம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவரை மெச்சுவதா பயப்படுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் கிளம்பிப் போயிருந்தார்கள். அக்கா படியேறுவதற்கு முன் காரில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்க்கப் போனார். மறுநாள் நீலாய் போய்ச் சேருமளவுக்கு இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அப்போது அண்ணன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் சத்தம் கேட்டது. அது ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தகடுகள் அடுக்கிய ஜன்னல். அண்ணன் உள்ளே நின்று, கடைசித் தகடு ஒன்றை அதன் பிடியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய இடைவெளி வழியாகக் கையை வெளியே நீட்டினார்.

"வயரக் கொடு."

அக்கா காரின் பின்கதவைத் திறந்து ஆரஞ்சு வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அது ஜன்னலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. உள்ளே சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. காரில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. கூடாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். இப்போதாவது பேசாமல் இருக்கட்டும் என்று முனீஸ்வரரை வேண்டிக்கொண்டேன்.

அக்கா ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, விடிய விடிய ஓடும். ஒங்க பில்லு ஏறும். ஒங்க வீட்டு பிளக்கும் பழசு, நடுவுல போயி தொட்டுப் பாத்துக்கணும். அப்புறம் மத்தியானம் நான் பேசினதுல, அது தப்பில்லன்னு சொன்னேன்ல, நாளைக்குக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

உள்ளேயிருந்து அண்ணனின் குரல் கரகரத்து வந்தது.

"இதெல்லாம் ஒன்ன நான் கேட்டனா?"